கால்வாயில் மீண்டும் படகு ஓடுமா?

2023 ஜனவரி 13 அன்று வாராணசியிலிருந்து ‘கங்கா விலாஸ்’ என்னும் சொகுசுக் கப்பலின் பயணத்தைப் பிரதமர் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். 18 அறைகள், 36 பயணிகள், 51 நாட்கள், 27 ஆறுகள், ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். வங்கதேசத்தின் ஊடாகச் சென்று அசாமின் திப்ரூகரில் முடியும் அந்தப் பயணத்தில், வழிநெடுக உள்ள கோயில்களையும் காடுகளையும் பழைய நகரங்களையும் பயணிகள் கரையிறங்கிக் கண்டு திரும்புவார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 25 அன்று கொச்சியில் நீர் மெட்ரோ தொடங்கப்பட்டது. மின்கலத்தில் இயங்கும் படகு. குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய். தீவுகளில் வாழும் மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் சென்றுவர ஒரு வழி.

ஒன்று சில பத்துப் பேருக்கான சொகுசு. மற்றொன்று பல்லாயிரம் பேருக்கான அன்றாடப் போக்குவரத்து. இவ்விரண்டையும் பார்த்த பிறகு சென்னையிலும் அதே கேள்வி எழுவது இயல்பு. அடையாறு, கூவம் என்று இரண்டு ஆறுகள், அவற்றை இணைக்கும் பக்கிங்காம் கால்வாய், அருகிலேயே கடல். இத்தனை நீர்வழிகள் உள்ள நகரில் ஏன் ஒரு படகுகூட ஓடவில்லை? அரசு அறிவிப்புகளிலும் தேர்தல் வாக்குறுதிகளிலும் படகுப் போக்குவரத்து அவ்வப்போது தலைகாட்டுகிறது; பின்னர் ஓசையின்றி மறைந்துவிடுகிறது. இந்தக் கனவை எள்ளி நகையாடுவது எளிது. அது நிறைவேற என்னென்ன வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்ப்பதே பயனுள்ளது.

மறந்துபோன நீர்வழி

சென்னைக்குப் படகுப் பயணம் புதிதன்று. 1806-இல் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் வடக்கே ஆந்திரக் கடற்கரை வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. நகரத்தின் நடுவே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் துண்டு மட்டும் வெட்டப்படாமல் இருந்தது. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது, பசியால் நகரை நோக்கி வந்த மக்களுக்கு நிவாரண வேலையாக அந்தத் துண்டு வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு இடப்பட்டது. மயிலாப்பூர், மந்தைவெளி வழியாக இன்று நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் கால்வாய்ப் பகுதி, பஞ்சத்தில் அடிபட்டவர்களின் கைகளால் தோண்டப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

விறகு, உப்பு, நெல், மீன் என்று எல்லாம் இந்தக் கால்வாயில் வந்தன. பயணிகளும் சென்றார்கள். பாரதிதாசன் தம் நண்பர்களுடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில்தான் படகில் சென்றார். ‘மாவலிபுரச் செலவு’ என்ற அவருடைய கவிதை அந்தப் பயணத்திலிருந்து பிறந்தது. கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்துச் சென்ற தொழிலாளர்களின் பாடும் அக்கவிதையில் பதிவாகியுள்ளது. சுற்றுலாப் படகின் இன்பத்தையும் அதை இழுப்பவரின் உழைப்பையும் ஒரே பார்வையில் கண்ட கவிதை அது. இன்றைய திட்டங்களை வரைபவர்களிடமும் அந்தப் பார்வை வேண்டும்.

தியாகராய நகர்வாசிகளுக்கு இந்தக் கதை தொடர்பற்றதாகத் தோன்றலாம். ஆனால், இன்று துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்திருக்கும் அந்தப் பகுதி, 1920-களில் நெடிய ஏரி ஒன்றின் படுகையில் எழுந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டிருந்த அந்த ஏரியில் ஒரு காலத்தில் படகுப் போட்டிகள் நடந்தன. ஏரி போய்விட்டது, ‘லேக் வியூ சாலை’ என்ற பெயர் மட்டும் மேற்கு மாம்பலத்தில் எஞ்சியிருக்கிறது. எஞ்சிய நீரைச் சுமந்து அடையாற்றில் சேர்க்க வேண்டிய மாம்பலம் கால்வாயோ, ஒவ்வொரு பெருமழையிலும் தன் பழைய இடத்தைத் திரும்பக் கேட்கிறது.

தூண்களும் தடுப்புகளும்

1960-களின் புயல்களில் கால்வாய் சிதைந்தது. சாலையும் லாரியும் வளர்ந்ததால் அதைச் செப்பனிட யாருக்கும் அக்கறை இல்லை. இருப்பினும் கால்வாயின் மீது விழுந்த கடைசி அடி இயற்கையினுடையது அன்று. 1990-களில் கடற்கரையிலிருந்து தெற்கு நோக்கிப் பறக்கும் ரயில் திட்டம் வந்தபோது, நிலம் கையகப்படுத்தும் செலவைக் குறைக்கக் கால்வாயின் மீதே தூண்கள் நாட்டப்பட்டன. 1995-இல் சேப்பாக்கம் வரை, 1997-இல் மயிலாப்பூர் வரை, 2007-இல் வேளச்சேரி வரை ரயில் ஓடியது. திருமயிலை, மந்தைவெளி போன்ற நிலையங்கள் கால்வாயின் மீதோ அதை நெருக்கியோ எழுந்தன. ஒரு போக்குவரத்து வழியைக் கொன்று இன்னொன்றைப் பெற்றோம். ரயில் வேண்டாம் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் நகரின் நடுப்பகுதியில் கால்வாயின் அகலம் பல இடங்களில் பாதிக்கும் கீழாகச் சுருங்கிவிட்டதையும், தூண்களுக்கு இடையே பயணப் படகு செல்வது நடைமுறையில் இயலாது என்பதையும் ஒப்புக்கொண்டுதான் எந்தத் திட்டத்தையும் தொடங்க வேண்டும்.

விந்தை என்னவென்றால், இதற்குப் பிறகுதான் 2008-இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்த் தொடரும், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் சில பகுதிகளும் சேர்த்துத் ‘தேசிய நீர்வழி 4’ என்று மத்திய அரசு அறிவித்தது. 2016-இல் நாடு முழுவதும் 111 நீர்வழிகளுக்குச் சட்டத் தகுதி அளிக்கப்பட்டது. ஒரு கையால் கால்வாயின் குறுக்கே தூண் நட்டுவிட்டு, மறு கையால் அதைத் தேசிய நீர்வழி என்று எழுதிவைத்தோம். அறிவிப்புக்கும் ஆழப்படுத்தலுக்கும் இடையே உள்ள தூரம்தான் நம் நீர்வழிகளில் மிக நீளமானது.

நீர் எங்கே?

படகு ஓட ஆழமும் அகலமும் போதும் என்று பொறியாளர் சொல்லலாம். பயணி ஏறுவதற்கு நீர் நீராக இருக்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், கூவத்தின் ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான பகுதியில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 345 மில்லிகிராம் என்று பதிவானது. குளிப்பதற்கு உகந்த நீரில் அது 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நாட்டிலேயே மிக மோசமான அளவு அது. நீரில் கலக்கும் மலமும் கரிமக் கழிவும் அதிகமாக இருந்தால் அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீரிலுள்ள ஆக்சிஜன் முழுவதையும் உறிஞ்சிவிடும். மீன் வாழாது, நாற்றம் மட்டும் வாழும். அடையாறும் பக்கிங்காம் கால்வாயும் இதே நோயின் வெவ்வேறு கட்டங்களில் இருக்கின்றன.

இது குறித்து 2019 பிப்ரவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தமிழக அரசுக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அபராதத்தின் சட்டத் தகுதி எதுவாயினும், நீரின் நிலை மறுக்க முடியாதது.

ஆற்றின் தூய்மைக்கேட்டுக்குக் கரையோரக் குடிசைகளைக் கைகாட்டுவது நம் நீண்ட காலப் பழக்கம். ஆனால், மழைநீர் வடிகாலில் கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாக இணைத்திருக்கும் அடுக்குமாடிக் கட்டிடங்கள், உணவகங்கள், வணிக வளாகங்கள் எத்தனை? அவற்றின் கழிவும் அதே ஆற்றில்தான் சேர்கிறது. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டிய நீர் வழியிலேயே கசிந்து ஆற்றில் இறங்குகிறது. குடிசையை அகற்றினால் காட்சி மாறும். கழிவுநீர் இணைப்பைத் திருத்தினால்தான் நீர் மாறும்.

முன்னுதாரணமும் நம்மிடமே உண்டு. 1967-இல் அண்ணா காலத்தில் கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. 1970-களின் தொடக்கத்தில் ஆற்றங்கரையில் படகுத் துறைகள் கட்டப்பட்டுச் சிறிது காலம் படகுகளும் ஓடின. கழிவுநீர் நிற்கவில்லை, படகுகள் நின்றுவிட்டன. சிதிலமான அந்தப் படித்துறைகள் ஒரு பாடத்தைச் சொல்கின்றன: படகுத் துறை கட்டுவதற்கு ஒப்பந்தக்காரர் போதும்; ஆற்றைக் காப்பதற்குத் தொடர்ந்து செயல்படும் நிர்வாகம் வேண்டும்.

கரை யாருடையது?

உல்லாசப் படகுப் பயணத்தின் உயிர் படகில் இல்லை, கரையில் இருக்கிறது. கரையிறங்கிப் பார்க்க இந்நகரில் என்ன குறை? மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலும் தெப்பக்குளமும், சாந்தோம் தேவாலயம், 1882 முதல் அடையாற்றங்கரையில் உள்ள பிரம்மஞான சபையின் தோப்பு, 2011-இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, தெற்கே கோவளம், முட்டுக்காடு, மாமல்லபுரம். உலகின் எந்த ஆற்றுப் பயண நிறுவனமும் பொறாமை கொள்ளும் பட்டியல் இது.

ஆனால், அதே கரையில் மக்களும் வாழ்கிறார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய வீடுகள் நீதிமன்ற உத்தரவின் பேரில் இடிக்கப்பட்டன. அப்போது அங்கு வசித்த முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பிறகே, அங்குள்ளோருக்கு அருகிலேயே மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் வீடு தரப்படும் என்று முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அதற்கு முன்னர், கூவம், அடையாற்றின் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் விளிம்புக்கு அனுப்பப்பட்டன. மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்த பெண் பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வர முடியுமா? பள்ளி நடுவில் இடம்பெயர்ந்த பிள்ளை படிப்பைத் தொடருமா? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லாத ஆற்றுச் சீரமைப்பு, ஆற்றின் அழகுக்கு ஏழைகளிடம் மட்டும் வரி வசூலிப்பதாகும்.

வெள்ளப் பாதையில் குடியிருப்பது ஆபத்து என்பது உண்மை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு முதலில் விழுங்கியவை கரையோர வீடுகளைத்தான். அந்த மக்களின் உயிரைக் காக்கவே இடமாற்றம் என்று அரசு சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால், அதே வெள்ளப் படுகையில் எழுந்த பெரிய கட்டிடங்கள் அசையாமல் நிற்கையில் குடிசைகள் மட்டும் நகர்த்தப்படும்போது அந்த நியாயம் வலுவிழக்கிறது. அவர்கள் விட்டுச் சென்ற கரையில் நாளை நடைபாதையும் உணவகமும் படகுத் துறையும் வந்தால், ‘எங்களை ஆபத்திலிருந்து காத்தார்களா, காட்சியிலிருந்து அகற்றினார்களா?’ என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை வைத்திருப்பது அரசின் கடமை.

முகத்துவாரத்தில் வலை வீசும் ஊரூர்க் குப்பத்து மீனவர்களும், முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர்களும் இந்த நீரின் முதல் பயனாளிகள். விசைப்படகின் அலையும் எண்ணெயும் அவர்களுடைய வலையைப் பாதிக்கும். படகு செல்லும் நேரம், வேகம், பாதை ஆகியவற்றை அவர்களுடன் பேசித் தீர்மானிப்பது அவர்களுக்குக் காட்டும் சலுகை அன்று, அவர்களுக்குரிய உரிமை.

உயிர்க்கவசம் இல்லாத உல்லாசம்

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2019 செப்டம்பரில் கோதாவரியில் பாபிகொண்டலு செல்லும் வழியில் ஒரு படகு மூழ்கி ஏறத்தாழ ஐம்பது பேர் பலியாயினர். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் மேலும் 22 பேர். இவற்றில் பெரும்பாலானவற்றின் காரணங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன: அளவுக்கு மீறிய கூட்டம், சரியாக வடிவமைக்கப்படாத படகு, அணியப்படாத உயிர்க்கவச உடை, கண்டுகொள்ளாத அதிகாரிகள்.

2021-இல் இயற்றப்பட்ட உள்நாட்டுக் கலங்கள் சட்டம், பதிவு, தரச் சோதனை, மாலுமித் தகுதி ஆகியவற்றை நாடு முழுவதற்கும் ஒரே சீராக்கியது. தானூர் விபத்து அந்தச் சட்டம் வந்த பின்னரே நடந்தது. ஆகவே, சட்டம் மட்டும் போதாது. ஒவ்வொரு துறையிலும் பயணிகளை எண்ணி ஏற்றும் பொறுப்பாளரும், ‘இந்தப் படகு இன்று போகக் கூடாது’ என்று சொல்லும் அதிகாரம் பெற்ற ஆய்வாளரும் இருந்தால்தான் அந்தச் சட்டம் உயிர் பெறும்.

எங்கிருந்து தொடங்குவது?

நகரின் நடுவே, திருவல்லிக்கேணி முதல் கிரீன்வேஸ் சாலை வரை, படகு என்ற எண்ணத்தை விட்டுவிடுவதே நேர்மை. அங்கு வேண்டியது நாற்றமற்ற நீரோட்டமும் நடப்பதற்கு ஒரு கரையும். மயிலாப்பூர்வாசிக்கு அதுவே பெரும் பேறு.

அடையாற்றின் கீழ்ப்பகுதி வேறு. 1867-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் படகுக் குழாமின் துடுப்புப் படகுகள் இன்றும் அங்கு ஓடுகின்றன. அதாவது, நீரின் தரம் உயர்ந்தால் துடுப்புப் படகுக்கும் சிறு மின்படகுக்கும் அங்கு இடமுண்டு. ஆனால், அந்த வாய்ப்பு குழாம் உறுப்பினர்களுக்கு மட்டுமன்றிச் சைதாப்பேட்டைப் பள்ளி மாணவருக்கும் கிடைக்க வேண்டும். முகத்துவாரத்தை அடைக்கும் மணல் திட்டு அகற்றப்பட்டுக் கடலின் ஏற்ற இறக்கம் தடையின்றி உள்ளே வந்தால், ஆறு தன்னைத்தானே ஓரளவு கழுவிக்கொள்ளும். அடையாற்றைச் சீரமைக்க 2024-25 நிதிநிலை அறிக்கையில் தனியார் பங்களிப்புடன் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. தனியார் வருவது வருவாயை நோக்கியே. கரையின் எந்தப் பகுதி கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்திருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

உண்மையான பயணப் படகுக்கு ஏற்ற இடம் தெற்கே இருக்கிறது. முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984 முதல் படகு இல்லம் நடத்துகிறது. அண்மையில் இரண்டடுக்கு மிதக்கும் உணவகக் கப்பலும் சேர்ந்துள்ளது. அங்கிருந்து மாமல்லபுரம் வரை கால்வாயை ஆழப்படுத்தினால், பாரதிதாசன் சென்ற பாதையின் ஒரு பகுதியாவது மீளும். கோவளத்தில் இறங்கி மீன் உண்டு, மாமல்லபுரத்தில் இறங்கிச் சிற்பம் கண்டு திரும்பும் ஒரு நாள் பயணம் எட்டாக்கனி அன்று.

ஆனால், தென்பகுதிக் கால்வாய் வெறும் சுற்றுலாப் பாதை இல்லை. 2022-இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாயில் இறங்கித்தான் முட்டுக்காட்டில் கடலை அடைகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பெரும்பாக்கமும் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. எனவே, இங்கு கட்டப்படும் ஒவ்வொரு படகுத் துறையும் வெள்ளத்துக்கு வழிவிடுகிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கால்வாயை ஆழப்படுத்துவது படகுக்கும் நல்லது, வெள்ள வடிகாலுக்கும் நல்லது; அதன் கரையைக் குறுக்கிக் கட்டுமானம் எழுப்புவது இரண்டுக்கும் கேடு. 2004 ஆழிப்பேரலையின்போது இந்தக் கால்வாய் கடல்நீரை உள்வாங்கிப் பல ஊர்களைக் காத்தது என்று வல்லுநர்கள் சுட்டிக்காட்டியதையும் மறக்கக் கூடாது.

கொச்சியின் வெற்றிக்குக் காரணம் படகின் அழகு மட்டுமன்று. தீவு மக்களின் அன்றாடத் தேவையில் தொடங்கியது அந்தத் திட்டம். சுற்றுலாப் பயணி அதன் பின்னால் வந்தார். வேறு வழியில்லாத மக்களுக்கான படகில் சுற்றுலாப் பயணியும் ஏறிக்கொள்ளலாம். சுற்றுலாப் பயணிக்கென்றே விடப்பட்ட படகில் உள்ளூர்வாசி ஏற முடியாது. சென்னையும் இந்த வரிசையிலேயே சிந்திக்க வேண்டும். முதலில் நீர், அடுத்து கரைவாழ் மக்கள், அதன் பின் படகு.

ஒவ்வொரு ஆண்டும் தைப்பூசத்தையொட்டி மயிலாப்பூர்க் குளத்தில் தெப்பம் சுற்றிவருகிறது. குளத்தில் நீர் இல்லாத ஆண்டுகளில் ஊரே கவலைப்படும்; நீர் நிறைந்த ஆண்டில் ஊரே கூடும். குளத்தின் மீது காட்டும் அந்த அக்கறையில் ஒரு பங்கைச் சில நூறு அடிகள் தள்ளி ஓடும் கால்வாயின் மீது இந்நகரம் காட்டத் தொடங்கினால், படகு தானே வரும்.